போன் செய்து கொடுக்கும் கம்பெனியின் ஷேர்: ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும்?



இப்போது பல குழுக்களில் ஒரு கேள்வி எழுகிறது. "எம் பொண்ணு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் கம்பெனிக்குப் போறா. பஸ் பஸ்ஸா ஆள் எடுக்கறாங்க. அந்த மாதிரி கம்பெனி ஷேரை வாங்கிப் போட்டா ரெண்டு வருஷத்துல டபுள் ஆகுமாமே, நெசமாக்கா?" என்கிறார்கள். சில ஊர்களில் தனிப்பட்ட சேமிப்பைப் போடலாமா என்ற பேச்சு, சில ஊர்களில் குழுப் பணத்தையே போடலாமா என்ற பேச்சு. செல்போனில் வரும் தகவல்களும் ஆசையைக் கிளப்பி விடுகின்றன.

வேலை பெருகுவது வேறு, அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவருக்கு லாபம் பெருகுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான் இந்த மாதப் பாடம். நல்ல காலத்தில் அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியாது. தொழில்நுட்பத் துறையில் மந்தம் வரும்போதுதான் தெரியும். அப்படி ஒரு பெரிய மந்தம் 2001-ல் வந்தது. கணக்கு வழக்கெல்லாம் வெளியே வந்துவிட்ட பழைய கதை என்பதால் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பெயர் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது

போனின் முதுகில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். அதைச் செய்தது வேறு கம்பெனியாக இருக்கும். ஐபோன் மேல் ஆப்பிள் படம் இருக்கும்; பாகங்களைப் பொருத்தி, சோதித்து, டப்பாவில் அடைத்துக் கொடுப்பது தைவான் நாட்டு ஃபாக்ஸ்கான் போன்ற கம்பெனிகள். கம்ப்யூட்டர், டி.வி., இன்டர்நெட் பெட்டி, காரில் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு எல்லாவற்றிலும் இப்படித்தான். இவர்களை ஒப்பந்த உற்பத்தியாளர்கள் என்று சொல்வார்கள்.

நமக்கு இது புதுசு இல்லை. திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஆர்டர் வாங்கும், சின்ன யூனிட் தைத்துக் கொடுக்கும். பீடி சுற்றுகிறவர்களுக்கும், பள்ளிச் சீருடை தைக்கும் குழுக்களுக்கும் இது தெரிந்த வழிதான். ஜாப் ஒர்க். என்ன வித்தியாசம் என்றால், அங்கே கணக்கு கோடிகளில் ஓடும். ஆனால் கணக்கின் போக்கு ஒன்றேதான். அதனால் சீருடையை வைத்தே பார்ப்போம். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழுவுக்கு 1,000 செட் சீருடை தைக்க ஆர்டர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செட்டுக்கு 400 ரூபாய். மொத்தம் 4 லட்சம். துணி, நூல், பட்டன் எல்லாம் குழுவே வாங்க வேண்டும். செட்டுக்கு 340 ரூபாய், ஆக 3,40,000. தையல் கூலி செட்டுக்கு 35 ரூபாய், ஆக 35,000. கொட்டகை வாடகையும் மெஷின் கடன் தவணையும் சேர்த்து 15,000. எல்லாம் போக நிற்பது 10,000 ரூபாய்.

4 லட்சம் கை மாறியது. கையில் நின்றது பத்தாயிரம். நூற்றுக்கு இரண்டரை ரூபாய்!

"இவ்வளவு தானா?" என்று கேட்பீர்கள். எலக்ட்ரானிக்ஸ் ஒப்பந்த உற்பத்தியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். நல்ல வருஷத்திலேயே நூறு ரூபாய் விற்பனையில் இரண்டு முதல் ஐந்து ரூபாய் நின்றால் பெரிய விஷயம். செய்து கொடுக்கும் பொருளின் விலையில் பெரும்பகுதி பாகங்களின் விலை. சிப் ஒரு கம்பெனியில் வாங்கியது, ஸ்கிரீன் இன்னொரு கம்பெனியில் வாங்கியது. அதெல்லாம் இவர்கள் கணக்குப் புத்தகம் வழியாக உள்ளே வந்து வெளியே போகிறது, அவ்வளவுதான். அதனால்தான் விற்பனை மலை மாதிரி தெரியும், லாபம் மடு மாதிரி இருக்கும்.

இப்போது பள்ளிக்கூடம் 1,000 வேண்டாம், 700 போதும் என்று சொல்லிவிட்டது. விற்பனை 2,80,000. துணி 2,38,000, கூலி 24,500. வாடகையும் தவணையும் மட்டும் குறையாது, அதே 15,000. எல்லாம் கழித்தால் மிச்சம் 2,500 ரூபாய். ஆர்டர் குறைந்தது நூற்றுக்கு 30. லாபம் குறைந்தது நூற்றுக்கு 75. 600 செட்டாகக் குறைந்தால் லாபம் சைபர். போட்டுப் பாருங்கள், சரியாக சைபர்தான் வரும்.

இதற்குக் காரணம் அந்த 15,000. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய செலவு. நிலையான செலவு என்று கணக்குப் பயிற்சியில் படித்தோமே, அதுதான். பெரிய கம்பெனிகளில் கட்டடம், பாகம் ஒட்டும் மெஷின், வங்கி வட்டி எல்லாம் இந்த வகை.

துணி மாட்டிக்கொண்டால்?

மேலே போட்ட கணக்கில் ஒரு சலுகை கொடுத்திருக்கிறோம், கவனித்தீர்களா? 700 செட்டுக்கு மட்டும்தான் துணி வாங்கியதாக வைத்தோம். நிஜத்தில் அப்படி நடக்காது. ஆர்டர் கையில் வந்ததுமே 1,000 செட்டுக்கும் துணி எடுத்து வைத்திருப்போம். 300 செட் துணி, அதாவது 1,02,000 ரூபாய், மூலையில் கிடக்கும். அந்தப் பள்ளியின் கலர், அந்தப் பள்ளியின் கோடு. வேறு யாரும் வாங்க மாட்டார்கள். பாதி விலைக்குத் தள்ளினால் 51,000 நட்டம். ஐந்து முறை முழு ஆர்டர் செய்து சம்பாதித்த லாபம் ஒரே முறையில் போச்சு.

சரக்கு இருப்புதான் ஒப்பந்த உற்பத்தியாளரின் கழுத்துக் கயிறு. 2001-ல் நடந்ததும் இதுதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மில்பிடாஸ் என்ற ஊரில் 1977-ல் தொடங்கிய கம்பெனி சோலெக்ட்ரான். தரத்துக்காக அந்த நாட்டு அரசு கொடுக்கும் மால்கம் பால்ட்ரிஜ் விருதை 1991-லும் 1997-லும் வாங்கியது. அந்த விருதை இரண்டு முறை வாங்கிய முதல் கம்பெனி அதுதான். ஆகவே வேலை தெரியாதவர்கள், ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக வேலை செய்த கம்பெனி. அதன் கதை என்பதால்தான் இது பாடம்.

1990-களின் கடைசியில் இன்டர்நெட் பைத்தியம் உலகத்தைப் பிடித்தது. எல்லா நாட்டிலும் கேபிள் புதைத்தார்கள். ஐரோப்பாவில் 2000-ம் ஆண்டு மூன்றாம் தலைமுறை செல்போன் அலைவரிசையை அரசுகள் ஏலம் விட்டன. தொலைபேசிக் கம்பெனிகள் கடன் வாங்கி ஏலம் எடுத்தன. இவர்களுக்கெல்லாம் இன்டர்நெட் பெட்டி, கோபுர சாதனங்கள் விற்றவை சிஸ்கோ, நார்டெல், லூசென்ட், எரிக்சன் போன்ற பெயர் பெற்ற கம்பெனிகள். அவர்களுக்குச் செய்து கொடுத்தவை சோலெக்ட்ரான், ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ், செலெஸ்டிகா, ஜேபில், சான்மினா போன்ற ஒப்பந்தக் கம்பெனிகள்.

பாகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாடு வந்தால் மனுஷர் என்ன செய்வார்கள்? ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தட்டுப்பாடு வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒரே வீட்டிலிருந்து மூன்று இடத்தில் கேன் வைப்போம். வரிசையைப் பார்ப்பவருக்கு மூன்று குடும்பம் நிற்கிற மாதிரி தெரியும். அதே மாதிரி ஒரு சிப் வேண்டும் என்று ஒரே வேலைக்காக மூன்று ஒப்பந்தக் கம்பெனிகள் தனித்தனியாக ஆர்டர் போட்டன. சிப் செய்பவர் கண்ணுக்கு மூன்று மடங்கு தேவை. பெட்டி வாங்கும் தொலைபேசிக் கம்பெனிகளும் ஒரே சரக்கை இரண்டு இடத்தில் கேட்டு வைத்தன, எது முதலில் வருதோ அதை எடுத்துக்கலாம் என்று. இல்லாத தேவை காகிதத்தில் வளர்ந்தது.

2000 கடைசி மாதங்களிலேயே சோலெக்ட்ரான் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது என்று அப்போது பத்திரிகைகளில் வெளியானது. ஒவ்வொரு பெரிய வாடிக்கையாளரும் கேட்கும் அளவைக் கூட்டிப் பார்த்தால் உலகமே வாங்கினாலும் தீராத கணக்கு. கேட்டுப் பார்த்தார்கள். "செய்யுங்க, செய்யுங்க" என்றே பதில் வந்தது. ஆர்டர் கொடுக்கிறவரைப் பார்த்து உங்கள் கணக்கு தப்பு என்று கூலிக்குச் செய்கிறவர் எப்படிச் சொல்வார்? சொன்னால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும். நம் தையல் யூனிட்டிலும் இதே பயம்தானே!

2001-ன் முற்பகுதியில் சோலெக்ட்ரானிடம் தேங்கிய சரக்கின் மதிப்பு சுமார் 470 கோடி டாலர். அன்றைய கணக்கில் ஒரு டாலர் சுமார் 47 ரூபாய். அப்படியானால் 22,000 கோடி ரூபாய் சரக்கு. நம் மூலையில் கிடந்த ஒரு லட்ச ரூபாய்த் துணியின் பெரிய அக்கா.

சிஸ்கோவும் தப்பவில்லை. 2001 ஏப்ரலில், தேவைக்கு மேல் சேர்ந்த சரக்குக்காக 220 கோடி டாலருக்கு மேல் கணக்கில் கழிப்பதாக அறிவித்தது. சுமார் 8,500 பேருக்கு வேலை போனது. ஆனால் சிஸ்கோவிடம் ஒரு பலம் இருந்தது. பெயர் அதனுடையது, வடிவமைப்பு அதனுடையது. நல்ல காலத்தில் நூறு ரூபாய் விற்பனையில் அதன் சரக்குச் செலவு பாதிக்கும் குறைவுதான். அடி பட்டாலும் தாங்கும் சதை இருந்தது. நூற்றுக்கு மூன்று நாலு ரூபாய் லாபத்தில் ஓடிய ஒப்பந்தக் கம்பெனிக்கு அந்தச் சதை இல்லை. ஒரே மழைதான், ஆனால் ஓட்டு வீட்டுக்கும் கீற்றுக் கொட்டகைக்கும் ஒரே மாதிரியா ஒழுகும்?

விற்பனை, நட்டம், ஷேர் விலை

2001 ஆகஸ்டில் முடிந்த வருஷத்தில் சோலெக்ட்ரானின் விற்பனை சுமார் 1,870 கோடி டாலர். அடுத்த வருஷம் சுமார் 1,230 கோடி. மூன்றில் ஒரு பங்கு போனது. நட்டம் சுமார் 310 கோடி டாலர். அதற்கு அடுத்த வருஷமும் 300 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

கவனியுங்கள். விற்பனை குறைந்ததால் மட்டும் இவ்வளவு நட்டம் வராது. நல்ல காலத்தில் சோலெக்ட்ரான் மற்ற கம்பெனிகளை, தொழிற்சாலைகளை அதிக விலை கொடுத்து வாங்கியிருந்தது. சீர் செய்யும் கல்யாணம் மாதிரி, விலையைப் பார்க்காமல் வாங்கியது. மந்தம் வந்ததும் அந்த ஆலைகளுக்கு அந்த மதிப்பு இல்லை என்று தெரிந்தது. கணக்கில் இருந்து கழிக்க வேண்டி வந்தது. ஆலைகளை மூட, ஆட்களை அனுப்பவும் செலவு.

கடன் ஒரு பக்கம். ஷேர் விலை ஏறினால் ஷேராக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி வாங்கிய கடன் பத்திரங்கள் நிறைய இருந்தன. விலை ஏறும் வரைக்கும் அதைத் திருப்பித் தர வேண்டிய கடனாகவே யாரும் நினைக்கவில்லை. விலை விழுந்ததும் யார் ஷேராக மாற்றுவார்கள்? "காசா குடு" என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள்.

2000 அக்டோபர் வாக்கில் ஒரு சோலெக்ட்ரான் ஷேர் 40 டாலருக்கு மேல் விற்றது. 2002 அக்டோபரில் 3 டாலருக்கும் கீழே. "பொறுமையா வச்சிருந்தா திரும்ப ஏறுமே" என்று சொல்வார்கள். பொறுமையாக வைத்திருந்தவர்கள் கதையையும் சொல்கிறோம். 2007-ல் சோலெக்ட்ரானை ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ் கம்பெனி வாங்கிவிட்டது. சுமார் 360 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். ஷேர் ஒன்றுக்கு 4 டாலருக்கும் குறைவு. ஏழு வருஷம் காத்திருந்தவருக்கு, உச்சத்தில் போட்டதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அந்தப் பெயரில் கம்பெனியே இப்போது இல்லை.

அமெரிக்காவில் தொழில்நுட்ப ஷேர்கள் அதிகம் உள்ள நாஸ்டாக் குறியீட்டெண் 2000 மார்ச்சில் 5,000-ஐத் தாண்டியது. 2002 அக்டோபரில் 1,100-க்கு அருகில் வந்தது. பழைய உச்சத்தை மறுபடி தொட 2015 ஆனது. பதினைந்து வருஷம்! கைக்குழந்தையாக இருந்தவள் பத்தாவது எழுதும் வரைக்கும். ஆனால் குறியீட்டெண் திரும்பி வந்தது என்பதை மட்டும் வைத்து ஆறுதல் சொல்லக் கூடாது. குறியீட்டெண்ணில் செத்த கம்பெனியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பெனியைச் சேர்ப்பார்கள். செத்த கம்பெனி ஷேரைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏ.சி.டி. மேனுஃபாக்சரிங் என்று ஓர் ஒப்பந்தக் கம்பெனி இருந்தது. 2001 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது.

எல்லாருக்கும் இப்படியா ஆச்சு? இல்லை. ஜேபில் என்ற கம்பெனியின் விற்பனை 2001-ல் சுமார் 430 கோடி டாலர், 2002-ல் சுமார் 350 கோடி. லாபம் மிகவும் குறைந்தது. ஆனால் நட்டத்துக்குப் போகவில்லை. (ஜேம்ஸ், பில் என்ற இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்ததால் ஜேபில். நம் குழுக்களுக்குப் பெயர் வைப்பது மாதிரியேதான்!) ஆக, ஒரே துறைதான், ஒரே மந்தம்தான். யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், யார் எவ்வளவு ஆலைகளை வாங்கிக் குவித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

"மந்தம் வந்தால் இவர்களுக்கு நல்லது" என்றார்களே?

2000-2001-ல் பங்குச் சந்தைப் பண்டிதர்கள் பலர் ஒரு வாதம் வைத்தார்கள். மந்தம் வந்தால் பெயர் பெற்ற கம்பெனிகள் செலவைக் குறைக்கப் பார்க்கும். சொந்த ஆலையை விற்றுவிட்டு வேலையை வெளியே கொடுக்கும். அதனால் ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு வேலை கூடும் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எரிக்சன் தன் செல்போன் உற்பத்தியை ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸிடம் ஒப்படைக்கப் போவதாக 2001 ஜனவரியில் அறிவித்தது.

வாதத்தில் பாதி பலித்தது. பாதி பலிக்கவில்லை. வேலை வெளியே போனது உண்மை. இன்றைக்கு அந்தக் காலத்தைவிடப் பல மடங்கு எலக்ட்ரானிக்ஸ் பொருள்கள் ஒப்பந்தத்தில்தான் செய்யப்படுகின்றன. ஆனால் அந்த வேலை அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா ஆலைகளுக்குப் போகவில்லை. கூலி குறைந்த சீனாவுக்குப் போனது. தைவானில் டெர்ரி கோ என்பவர் 1974-ல் டி.வி.க்குப் பிளாஸ்டிக் திருகு செய்து ஆரம்பித்த ஹொன் ஹாய் கம்பெனி, சீனாவில் ஊர் மாதிரி ஆலைகளைக் கட்டி முதலிடத்துக்கு வந்தது. அதுதான் நாம் ஃபாக்ஸ்கான் என்று சொல்வது. மற்ற கம்பெனிகள் கலிபோர்னியாவில் இருந்த ஆலையை மூடவும் செலவு செய்தன, சீனாவில் திறக்கவும் செலவு செய்தன. ஆர்டர் கொடுப்பவர்களோ, ஆள் நிறைய இருக்கிறார்கள் என்று விலையைக் குறைத்துக் கேட்டார்கள்.

துறை வளர்ந்தது. போன் வாங்கினவருக்கு விலை குறைந்தது. ஆர்டர் கொடுத்த கம்பெனிக்குச் செலவு குறைந்தது. 2000-ல் சோலெக்ட்ரான் ஷேர் வாங்கினவர் கையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. "இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கு" என்று யாராவது சொன்னால், எதிர்காலம் யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கை. ஆர்டர் குறையும்போது இந்தக் கம்பெனிகள் கையில் சில காலம் ரொக்கம் அதிகமாகத் தெரியும். புதுச் சரக்கு வாங்குவதில்லை, பழைய சரக்கு மெல்ல விற்கிறது, பழைய பாக்கி வசூலாகிறது. அது லாபம் அல்ல. துணியைக் காசாக்கியது மட்டும்தான். மாறாக, ஆர்டர் வேகமாகக் கூடும் காலத்தில் லாபம் காட்டினாலும் கையில் காசு இருக்காது, எல்லாம் துணியில் போய்விடும். கடன் வாங்கித்தான் ஓட்டுவார்கள். தையல் யூனிட் நடத்துகிற அக்காக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நம் ஊர்ப் பக்கம் நடந்தது

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா செல்போன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் பல ஆயிரம் பேருக்கு அதுதான் முதல் சம்பளம். நோக்கியாவுக்குப் பாகம் செய்து கொடுக்க அதே பக்கத்தில் ஃபாக்ஸ்கான் உட்பட வேறு கம்பெனிகளும் வந்தன. பிறகு தொடுதிரை போன்கள் வந்தன, நோக்கியாவின் வியாபாரம் சரிந்தது. 2014 ஏப்ரலில் தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்கு விற்றது. வரி வழக்கு காரணமாக இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அதன் பிறகு அந்த ஆலை என்ன ஆனது தெரியுமா? மைக்ரோசாஃப்டுக்குப் போன் செய்து கொடுக்கும் ஒப்பந்த ஆலை ஆனது. நேற்று வரை முதலாளி வீடு, இன்று கூலிக்கு வேலை. ஆர்டர் கொடுப்பவர் ஒரே ஒருவர். மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை நிறுத்தியதும் 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரிலேயே நின்றது.

இதை 2001 மாதிரி மந்தம் என்று சொல்ல முடியாது, காரணங்கள் வேறு. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை. ஃபாக்ஸ்கான் பின்னாளில் திரும்பி வந்து 2019-லிருந்து இதே பகுதியில் ஐபோன் செய்கிறது. துறை திரும்பி வந்தது. 2014-ல் வேலை இழந்த பெண்ணின் ஐந்து வருஷம்?

இங்கே இன்னொன்றும் யோசிக்க வேண்டும். மகள் சம்பளம் அந்தத் துறையில் இருந்து வருகிறது. அம்மாவின் சேமிப்பும் அதே துறையின் ஷேரில் என்றால், ஒரு மந்தம் வந்தால் சம்பளமும் போகும், சேமிப்பும் போகும், ஒரே மாதத்தில். வெளிநாட்டில் பலருக்கு 2001-ல் இதுதான் நடந்தது. தான் வேலை செய்த கம்பெனியின் ஷேரிலேயே சேமிப்பை வைத்திருந்தார்கள். எல்லா முட்டையையும் ஒரே கோழியிடம் அடை வைக்காதே என்று நம் ஆயாக்களுக்குத் தெரியாததா?

சொந்தப் பணத்தில் வாங்க நினைத்தால்

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட கம்பெனிகள் பங்குச் சந்தைக்கு வந்திருக்கின்றன. டிக்சன் 2017-ல் வந்தது. சிர்மா, கேன்ஸ் 2022-ல். சென்னையைச் சேர்ந்த அவலான் 2023-ல். எதை வாங்கு, எதை விற்காதே என்று இந்த இதழ் சொல்லாது. ஆனால் வாங்கச் சொல்லி யாராவது வந்தால், கேட்க வேண்டியதைச் சொல்லித் தருவோம்.

அவர்கள் விற்பனை எவ்வளவு கூடியது என்று படம் காட்டுவார்கள். அதைத் தள்ளி வையுங்கள். பள்ளிக்கூடமே துணி கொடுத்துத் தைக்கச் சொன்னால் நம் விற்பனை 4 லட்சம் இல்லை, 60,000 தான். லாபம் அதே பத்தாயிரம்! ஆகவே விற்பனை என்ற எண் இந்தத் தொழிலில் அதிகம் ஒன்றும் சொல்லாது. முதல் இரண்டு மூன்று வாடிக்கையாளரிடம் இருந்து எத்தனை சதவீதம் ஆர்டர் வருகிறது என்று கேளுங்கள். பாதிக்கு மேல் ஒருவரிடமே என்றால் அவருக்குச் சளி பிடித்தால் இவருக்கு ஜுரம். சரக்கு இருப்பு விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா என்று கேளுங்கள். விற்பனை நூற்றுக்கு 10 கூடி, சரக்கு நூற்றுக்கு 40 கூடியிருந்தால் துணி மூலையில் சேருகிறது என்று அர்த்தம். வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தால் வாங்கி வைத்த பாகத்துக்கு யார் பொறுப்பு என்பதும் முக்கியம். ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் பொறுப்பு என்று எழுதியிருக்கலாம். ஆனால் நாளைக்கும் ஆர்டர் வேண்டுமே என்ற பயத்தில் அதைக் கறாராக வசூலிப்பது கஷ்டம். கடன் எவ்வளவு, அரசு ஊக்கத்தொகை போக லாபம் எவ்வளவு என்பதும் கேட்க வேண்டியதுதான்.

இதெல்லாம் கம்பெனியின் ஆண்டறிக்கையில் இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும், படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் தேடிக் கொடுப்பார்கள். ஷேர் வாங்கச் சொல்பவர் செபியில் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள். இவ்வளவும் கேட்டால் பாதிப் பேர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள்.

குழுப் பணம் பற்றி மட்டும் கறாராகச் சொல்கிறோம். நம் சந்தா பிரசவத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மாட்டுக் கடனுக்கும் உடனே கிடைக்க வேண்டிய பணம். ஓர் உறுப்பினர் அவசரம் என்று வரும் நாளில் ஷேர் விலை பாதியாக இருந்தால், அந்தப் பாதி விலைக்கே விற்க வேண்டி வரும். ஏழு வருஷம் காத்திருக்கும் வசதி பணக்காரருக்கு உண்டு, நம் உள்கடன் புத்தகத்துக்குக் கிடையாது. எந்தக் குழுவிலாவது இப்படித் தீர்மானம் எழுதும் பேச்சு வந்தால், கையெழுத்துப் போடும் முன் கூட்டமைப்பில் சொல்லுங்கள்.

கூட்டத்தில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

மேலே சொன்ன சீருடைக் குழுவுக்கு ஒரே பள்ளிக்குப் பதில் இரண்டு பள்ளிகள் 500, 500 செட் ஆர்டர் கொடுத்தன. செலவெல்லாம் அதேதான். துணி முழுவதும் வாங்கியாகிவிட்டது. தைக்க ஆரம்பிக்கும் முன் ஒரு பள்ளி ஆர்டரையே ரத்து செய்துவிட்டது. அந்தத் துணி பாதி விலைக்குத்தான் போகும். குழுவுக்கு மொத்த நட்டம் எவ்வளவு? ரத்து செய்த பள்ளி துணிச் செலவில் பாதியை ஏற்பதாக முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், துணியையும் நாமே விற்றுக்கொள்ளலாம் என்றால், நட்டம் எவ்வளவாகும்? கணக்காளர் மட்டும் போடாமல் எல்லோரும் போட்டுப் பாருங்கள். விடை அடுத்த இதழில் வரும்.